மகளிர் காவல் நிலையத்தில் புகார்: கேள்விகளும் என் பதில்களும்

நான் பணி ஓய்வு பெற்ற பெண் இன்ஸ்பெக்டர். 29 வருடப் பணியில் 12 வருடம் தென் மாவட்டங்களின் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் போனது. பாலியல் வன்கொடுமைப் புகார் வந்தால் போலீஸ் என்ன செய்கிறது, என்ன செய்தாக வேண்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன். பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பள்ளி எதையும் இங்கே எழுத வேண்டாம். அவசரம் என்றால் எனக்காகக் காத்திருக்காமல் 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கேள்வி: மேடம், சம்பவம் கோயம்புத்தூர்ல. பொண்ணு இப்ப எங்க வீட்டுல, திருநெல்வேலில இருக்கா. அங்கதான் போய்க் கொடுக்கணுமா?

வேண்டாம். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அந்த ஊருக்கு மாற்றுவது அவர்கள் வேலை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-ஆம் பிரிவிலேயே இது இருக்கிறது.

கேள்வி: அக்கா, புகார் கொடுக்கப் போனா உள்ளே என்னதான் நடக்கும்? அது தெரியாமலே பாதிப் பேர் போகறதில்ல.

முதலில் சட்டம். பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். உடல் ஊனமோ மனநலக் குறைபாடோ உள்ளவர் என்றால் வீட்டுக்கே வந்து, உதவியாளரை வைத்துக்கொண்டு, வீடியோ எடுத்தபடி பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மேஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் உண்டு. நாங்கள் எல்லாரும் இன்னும் பழைய பழக்கத்தில் 'நூத்தி அறுபத்திநாலு' என்றுதான் சொல்வோம், இப்போது அது 183-ஆம் பிரிவு. அந்த அறையில் போலீஸ் இருக்காது. விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும், எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். பின்னால் விசாரிக்க வேண்டுமென்றாலும் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது புகார் எழுதப்படும் அந்த முதல் அரை மணி நேரம். ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.

பத்தொன்பது வயதுப் பெண். நாற்காலியின் பிளாஸ்டிக் ஒயரை நகத்தால் பிய்த்துக்கொண்டே பேசினாள். "தண்ணி எடுக்கப் போனேன். மோட்டார் ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போய்த் தாப்பாப் போட்டான்." இவ்வளவுதான் சொன்னாள். எங்கள் ரைட்டர் இருபது வருடம் எழுதிய கை. அவர் எழுதியது இது: "மேற்படி எதிரி வாதியிடம் ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்று வலுக்கட்டாயமாக..." ஸ்டேஷன் தமிழில் அது ஒரு வாய்பாடு, கை தானாக எழுதிவிடும். அந்தப் பெண் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அன்று எஸ்.ஐ.யாக இருந்த நானும் போட்டேன். மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "ஆசை வார்த்தைக்கு மயங்கித்தானே கூடப் போனீர்கள்?" அவளுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கூண்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும். தாப்பா என்றால் தாப்பா. அவளுக்குத் தெரிந்த உறுப்பின் பெயர் எதுவோ அதே பெயர். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: புகார் வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிட்டாங்க. விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்னாங்க. இது போதுமா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டும். அதை வைத்துக்கொண்டு யாரையும் கைது செய்ய முடியாது, மருத்துவப் பரிசோதனைக்கும் முறைப்படி அனுப்ப மாட்டார்கள். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தாலே எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் இருக்கிறதே என்பார்கள். அது 3 வருடமோ அதற்கு மேலோ, ஆனால் 7 வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 வருடம், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதி அனுப்புங்கள், அங்கும் நகராவிட்டால் மேஜிஸ்திரேட். மறுக்கும் அதிகாரிக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 199-ஆம் பிரிவின் கீழ் 6 மாதத்திலிருந்து 2 வருடம் வரை சிறை உண்டு. அந்தப் பிரிவு எண்ணை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

கேள்வி: ரெண்டு நாள் ஆச்சு, குளிச்சாச்சு, துணியும் துவைச்சாச்சு. இனி போய் என்ன பிரயோஜனம்னு அம்மா சொல்றாங்க.

பிரயோஜனம் இருக்கிறது, இன்றே போங்கள். 96 மணி நேரம் வரை மாதிரி எடுப்பார்கள். அதைத் தாண்டினாலும் காயம், போன் பதிவு, சாட்சி என்று வேறு ஆதாரங்கள் உண்டு. புகார் தாமதமானதற்காக மட்டும் வழக்கைத் தள்ளக் கூடாது என்று 1996-ல் குர்மித் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஆதாரத்தை விடுங்கள், உடம்பு முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

நேராக ஆஸ்பத்திரிக்கே போகலாம். போலீஸ் கடிதம் கொண்டுவா என்று அவர்கள் சொல்லக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாக, உடனே பார்க்க வேண்டும், போலீசுக்கு அவர்களே தகவல் சொல்வார்கள். பெண்ணுறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை என்று யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள். அதைத் தடை செய்யச் சொல்லி 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவு போட்டது. அதே வருடம் அக்டோபரில், அதைச் செய்பவர்மேல் நடவடிக்கை பாயும் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

துவைக்காத துணி ஏதாவது மிச்சம் இருந்தால் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். நான் பணிக்கு வந்த புதிதில் ஈரச் சுடிதாரை பாலிதீன் கவரில் வைத்து சீல் போட்டேன். ஆய்வகத்தில் பிரித்தபோது பூஞ்சை பிடித்திருந்தது.

கேள்வி: வணக்கம் மேடம். நான் ரிட்டயர்ட் எஸ்.ஐ., 34 வருஷ சர்வீஸ். நீங்க ஒரு பக்கமா பேசறீங்க. 'ஏன் கத்தலை, ஏன் அந்த நேரத்துல அங்க போனே'ன்னு நாங்க கேக்கறது மனசு நோகணும்னு இல்ல. நாளைக்குக் குறுக்கு விசாரணைல வக்கீல் கேக்கத்தான் போறார். நாங்க முன்னாடியே கேட்டா கேஸ் பலமாகும்.

வணக்கம் சார். இந்த வாதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த அதிகாரிகள் நல்லவர்கள். அதனால்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

'ஏன் கத்தலை' என்பது விவரம் கேட்கும் கேள்வி இல்லை, அதற்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. 'அப்போ என்ன நடந்துச்சு, உன்னால என்ன செய்ய முடிஞ்சது' என்று கேட்டுப் பாருங்கள். "வாயே வரலை, கை கால் மரத்துப் போச்சு" என்பாள். அதை எழுதினால் அதுவே சாட்சியம். எதிர்க்காததை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்பது பி.என்.எஸ். 63-லேயே இருக்கிறது. அவளுடைய முந்தைய பழக்கவழக்கத்தைக் காட்டிச் சம்மதத்தை நிறுவ வக்கீலுக்கே அனுமதி இல்லாதபோது நாம் எதற்கு அதை ஒத்திகை பார்க்க வேண்டும்?

1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது. காயமில்லை, கூச்சலில்லை என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. நாடு கொதித்து 1983-ல் சட்டம் மாறியது. 'ஏன் கத்தலை' அந்தத் தீர்ப்போடு போயிருக்க வேண்டிய கேள்வி சார்.

(அதே எஸ்.ஐ.): சட்டம் தெரியும் மேடம். ஆனா காதல் கேஸ் எத்தனை வருது? பொண்ணு விரும்பிப் போவா, அப்பன் வந்து, 18 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கான போக்சோ சட்டத்துல போடுன்னு உக்காருவான். தீர விசாரிக்காம பையனை உள்ள தள்ளச் சொல்றீங்களா?

இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிய வழக்குகளில் கைதுக்கு அவசரப்படாதீர்கள் என்று 2022 டிசம்பரில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கையே அனுப்பினார், சரியான காரியம். ஆனால் அது கைதைப் பற்றியது, புகாரைப் பதியாமல் இருக்க அதில் வழி இல்லை. அந்த வழக்குகளைக் காட்டி, மோட்டார் ரூமுக்குள் இழுக்கப்பட்டவளையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பதுதான் என் சண்டை.

(ஒரு வழக்கறிஞர்): எஸ்.ஐ. சாருக்கு ஒன்று. ஸ்டேஷனில் மூன்று தடவை, மூன்று பேர், மூன்று விதமாகக் கேட்டால் மூன்று வாக்குமூலத்திலும் வித்தியாசம் வரும். எதிர்த்தரப்பில் நிற்கும்போது அந்த முரண்பாடுதான் எங்களுக்கு ஆயுதம். கேஸை நீங்கள் பலப்படுத்தவில்லை, எங்களுக்குப் பலம் சேர்க்கிறீர்கள்.

நன்றி அம்மா. கூண்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சாட்சி இது.

(அதே எஸ்.ஐ.): சரிங்க மேடம். கேக்கற விதம் மாறணும், ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி ரெண்டு பேர் டூட்டில இருக்கற ஸ்டேஷன்ல இதெல்லாம் யார் செய்யறது?

அது நியாயமான கேள்வி. ஆயிரம் விளக்கில் 1992-ல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் நிலையம் திறந்தபோது இருந்த வேகம் ஆள் சேர்ப்பதிலும் இருந்திருக்க வேண்டும். பந்தோபஸ்துக்கு முதலில் பிடித்துப் போவது மகளிர் நிலையத்து ஆட்களைத்தான். கூடுதல் ஆள் கேட்டு மேலதிகாரிகளுக்கு நானும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கும் சி.எஸ்.ஆர். தான் கொடுத்தாங்க...

மேலே மூன்றாவது பதில்.

கேள்வி: இன்ஸ்பெக்டர் அம்மாவே 'பையன் கட்டிக்கறேங்கறான், பொண்ணு வாழ்க்கையைப் பாருங்க'ங்கறாங்க. ஊர்ப் பெரியவங்களும் அதேதான்.

இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன். வன்புணர்வு வழக்கில் சமரசம் கிடையாது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியே ஒரு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பினார். உச்ச நீதிமன்றம் ஜூலை 1-ல் வேறொரு வழக்கில் இதைக் கண்டித்தது, அந்த உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. நீதிபதியே செய்யக் கூடாததை ஸ்டேஷன் திண்ணையில் யாரும் செய்ய வேண்டாம். பேச வந்தவர்கள் பெயர், நேரம் எல்லாம் குறித்துவைத்து எஸ்.பி.க்கு அனுப்புங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயசு. யூனிஃபார்ம் பார்த்தாலே நடுங்கறா.

யூனிஃபார்மில் வரக் கூடாது தாயி. போக்சோ 24-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, நீங்கள் பக்கத்தில் இருக்க, முடிந்தவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் அதிகாரி சாதாரண உடையில் வந்து எழுத வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைக்கவே கூடாது. முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், நினைவூட்டாவிட்டால் அவசரத்தில் அப்படியே வந்துவிடுகிறார்கள். 1098-ல் கூப்பிட்டால் துணைக்கு ஆள் வரும்.

கேள்வி: எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம்?

இங்கே வேண்டாம் தம்பி.

கேள்வி: நான் ஆண், 26 வயது. எனக்கு நடந்ததைச் சொன்னால் எந்தப் பிரிவில் எடுப்பார்கள்?

உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். 18 வயதுக்குள் நடந்தது என்றால் போக்சோவில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. வயது வந்த ஆணுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இருந்தது, புதிய சட்டத்தில் அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. காயம் விளைவித்தல், அடைத்துவைத்தல், மிரட்டல் என்றுதான் எடுப்பார்கள். பெரிய ஓட்டை இது. 2024 ஜூலைக்கு முன் நடந்தது என்றால் பழைய சட்டமே பொருந்தும். எப்படியானாலும் மருத்துவரை இன்றே பாருங்கள்.

கேள்வி: பெயர் வெளியே வந்துடுமோன்னுதான் பயம்.

பயம் நியாயமானது, பெயர் வெளிவந்திருக்கிறது. 2019 பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆரே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழுவிடம் விசாரணையைக் கொடுத்து, 25 லட்சம் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. பாலியல் வழக்கு எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றவே கூடாது. பெயரை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-ன்படி 2 வருடம் வரை சிறை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இரண்டு வழக்கிலும் 2025-ல் தண்டனை வந்தது. பொள்ளாச்சியில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள், அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 30 வருடத்துக்குக் குறையாத ஆயுள். பெயர் கசிந்த பிறகும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை.

கேள்வி: சி.எஸ்.ஆர். போட்டா எஃப்.ஐ.ஆர். மாதிரிதானே?

இல்லை. இதற்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன். மேலே தெளிவாகவே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: பாதிக்குப் பாதி பொய்ப் புகார்தானே?

என் மேசைக்கு வந்ததில் பொய் இருந்திருக்கிறது. பாதி இல்லை, பக்கத்தில்கூட இல்லை. அதைவிட அதிகம், உண்மையாக நடந்தும் வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள்.

கேள்வி: அக்கா, நாளைக்குக் காலைல தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறேன். என்ன எடுத்துட்டுப் போகணும்?

அன்று போட்டிருந்த உடை, காகிதப் பையில். மாற்றுத் துணி ஒன்று, ஏனென்றால் போட்டிருப்பதை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளலாம். வயதுச் சான்று. போனில் இருக்கும் செய்திகளை அழிக்காமல் அப்படியே. தண்ணீர், சாப்பிட ஏதாவது, நேரமாகும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வக்கீல் இலவசம். எஃப்.ஐ.ஆர். ஆனதும் இடைக்கால நிவாரணத்துக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலேயே மனுப் போடலாம்.

அவளைப் பேச விடுங்கள், நடுவில் நீங்கள் எடுத்துச் சொல்லாதீர்கள். எழுதி முடித்ததும் மெதுவாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் சொல்லாத சொல் ஒன்று இருந்தாலும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் கீழே கையெழுத்து. நகல் கைக்கு வந்த பிறகு வெளியே வாருங்கள்.