"மழை குறைஞ்சு போச்சு" என்று விவசாயி சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பருவநிலை மாறுவதை விவசாயிகள் நிஜமாகவே உணர்கிறார்களா, இல்லை செய்தியில் கேட்டதைச் சொல்கிறார்களா? எப்படிச் சமாளிக்கிறார்கள்?

உணர்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு, மழைமானி அளப்பது வேறு. மழை குறைந்துவிட்டது என்று ஊரே சொல்லும், கணக்கை எடுத்துப் பார்த்தால் ஆண்டு மொத்தம் பெரிதாக மாறியிருக்காது, உடனே இவர்களுக்கு ஞாபகம் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். சரி, ஞாபகப் பிழையும் உண்டுதான். போன வருடம் பட்ட அடி பத்து வருடத்தை மறைத்துவிடும். ஆனால் பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டே நாளில் கொட்டி ஓடிவிட்டு, அப்புறம் பயிர் பூக்கிற நேரத்தில் மூன்று வாரம் சொட்டுக்கூட இல்லை என்றால் பயிருக்கு அது குறைந்த மழைதானே? வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றில் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தங்கும். அதனால் பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது, காய்ந்தால் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது.

பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கு போடுபவர்கள் ஜூன் கடைசியில் விடியுமுன் எழுந்து கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் நடவைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். மூடநம்பிக்கை மாதிரி இருக்கிறதா? 2000இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காரணத்தைச் சொன்னது: எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில், வானத்தில் மிக உயரே மெல்லிய மேகப் படலம் கூடுகிறது, நட்சத்திரம் மங்குகிறது, மழையும் அந்த ஆண்டுகளில் குறைவு. என்ன, இந்த மாதிரிக் குறிகள் எல்லாம் காலம் பழைய தடத்தில் ஓடும்வரைதான் கைகொடுக்கும்.

சமாளிப்பு என்று பார்த்தால் பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள்தான். விதைப்பைத் தள்ளிப்போடுவது, குறுகிய கால ரகத்துக்கு மாறுவது, முதல் விதைப்பு காய்ந்தால் மறுவிதைப்புக்கு என்று கொஞ்சம் விதை ஒதுக்கிவைப்பது, எதுவும் ஆகாவிட்டால் வீட்டில் ஒருவர் வெளியூர் வேலைக்குப் போவது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில் யாகூபா சவாடோகோ என்கிற விவசாயி 1980 வாக்கில் செய்தது கொஞ்சம் பெரிது. இறுகிப்போன தரிசில் கோடையிலேயே குழிகள் வெட்டி எருவைப் போட்டுவைத்தார். கரையான் வந்து மண்ணைத் துளைத்தது, முதல் மழை ஓடாமல் குழியில் இறங்கியது. பைத்தியம் என்று சொன்னவர்கள் பிறகு அவரிடமே கற்றுக்கொண்டார்கள். மாற்று நோபல் என்கிற விருது அவருக்குக் கிடைத்தது 2018இல்! அதற்குள் நகர விரிவாக்கம் அந்தத் தரிசில் அவர் வளர்த்த காட்டு நிலத்திலேயே கைவைத்துவிட்டது.

இந்த நிலம் யாருடையது என்கிற விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மண் திருந்தப் பல வருடம் ஆகும், அடுத்த வருடம் கையில் இருக்குமோ இருக்காதோ என்கிற குத்தகை நிலத்தில் யார் குழி வெட்டுவார்? அங்கே ஆழ்துளைக் கிணறும் கிடையாது, கடன் தருபவரும் கிடையாது. சொந்த நிலம் இருப்பவரோ வறட்சி வந்தால் முதலில் கிணற்றைத்தான் ஆழப்படுத்துகிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைவிட ஆழமாகப் போடுவார், இவர் கிணறு வற்றும், இவர் மறுபடி கடன் வாங்குவார். இதையும் "தகவமைப்பு" என்ற கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நான் சேர்க்க மாட்டேன்.