வாசகர் கேள்வி: கரிசல் மண்ணும் நிரம்பும் செப்டிக் டேங்கும்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டை மனைகளாக்கிய குடியிருப்பில் வசிக்கிறோம். முன்பு 40 வீடுகள் இருந்தன. இப்போது 300-ஐத் தாண்டிவிட்டன. எங்கள் செப்டிக் டேங்க் மாதம் தவறாமல் நிரம்பி, லாரியை அழைக்க வேண்டியிருக்கிறது. உறிஞ்சுகுழியை இன்னும் ஆழப்படுத்தச் சொல்கிறார் கொத்தனார். அது சரியா? ஊராட்சியிடம் நாங்கள் என்ன கேட்பது?

பதில்: ஆழப்படுத்த வேண்டாம், அம்மா. ஒரு குடும்பத்தின் தொட்டியில் கசடு சேர்ந்து நிரம்ப இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். மாதந்தோறும் நிரம்புகிறதென்றால் உள்ளே நிற்பது பெரும்பாலும் தண்ணீர்தான், அதை மண் குடிக்க மறுக்கிறது என்பதே பொருள். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஊற்றிய நீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஊறி உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ள, ஒரு குடம் நீரும் இறங்காது. சித்திரையில் குழி தோண்டிப் பார்த்து 'நல்ல மண்' என்று முடிவு கட்டியவர்கள் ஏமாந்தது இதனால்தான். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470 சொல்லும் சோதனையில், சிறு குழியில் நீர் நிரப்பி இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பிக் கழிவுநீரை விடக்கூடாது.

மண் ஒத்துழைத்தாலும் வீடுகளின் நெருக்கம் இடம் தராது. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 59 அடி இடைவெளி வேண்டும் என்கிறது அதே விதி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தாலும் 50 அடிதான். 40 வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தபோது தெரியாத இந்தக் கணக்கு, 300 வீடுகள் ஒட்டி நிற்கும்போது அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றைத் தொடுகிறது. குழியை ஆழப்படுத்தினால் கழிவுநீர் நிலத்தடி நீரை நெருங்கும். பாதிக்கப்படுவது உங்கள் குழந்தைகள் மட்டுமல்லர்.

ஆகவே ஊராட்சியிடம் கேட்க வேண்டியது ஊருக்குப் பொதுவான குழாய் வழி. பாதாளச் சாக்கடைக் குழாய்களை 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகைக்கு வடிவமைப்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் 2011 கணக்கெடுப்பை வைத்து ஊர் முழுதுக்குமாகச் சராசரி வளர்ச்சி போட்டால், ஏழு மடங்குக்கு மேல் பெருகிய உங்கள் குடியிருப்பு அதில் காணாமல் போய்விடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெரிய குழாய் கேட்பதும் தவறு. தேவைக்கு மீறிய பெரிய குழாயில் நீர் மெதுவாகவே ஓடும்; வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது ஓடாவிட்டால் கசடு தங்கி அடைத்துக்கொள்ளும். உங்களைப் போன்ற இடத்துக்கு, செப்டிக் டேங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் சிறு குழாய்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்லும் முறை பொருந்தும் என்பது என் கருத்து.

உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஊராட்சிக்கு ஒரு மனு கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற மனைகள் எத்தனை, கட்டிய வீடுகள் எத்தனை, ஆழ்துளைக் கிணறுகள் எங்கெங்கே என்பதை வரைபடத்தில் குறித்து இணையுங்கள். மண் சோதனையைக் கார்த்திகையில், உங்கள் கண்முன் செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.