அம்மாவின் சீட்டில் யாருடைய குறி?

கேள்வி: என் தாயார் 80 வயதைக் கடந்தவர். பார்வை மிகவும் மங்கிவிட்டது. முழங்கால் வலியால் எங்கள் வீட்டுப் படிகளில் இறங்குவதே அவருக்குப் பெரும்பாடு. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் நானே உடன் சென்று அவருடைய மூன்று வாக்குச்சீட்டுகளிலும் குறியிட்டேன். குடும்பம் முழுவதும் ஒரே கட்சி என்பதால் அவரிடம் தனியாகக் கேட்கவில்லை. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நான் சாவடியில் கட்சி முகவராக அமரப் போகிறேன். ஆகையால் அவருக்கு உதவுவது இன்னும் எளிதாகிவிடும். இல்லையென்றால், இந்த வயதில் அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாமா? லண்டனில் வேலை பார்க்கும் என் மகளும் இந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியுமா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: 2024இல் உங்கள் தாயார் வாக்களிக்கவில்லை. நீங்கள் இரண்டு முறை வாக்களித்தீர்கள். ஒருமுறை உங்கள் பெயரில், இன்னொரு முறை அவர் பெயரில். அன்பினால் செய்தீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கும் முறை கிடையாது, மகனுக்கும் கிடையாது. வயதுவந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் இரகசியமாக வாக்களிக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு சொல்கிறது. பார்வை மங்கியவருடைய இரகசியத்தை மகன் பொறுப்பேற்றுக்கொள்ளலாம் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

உடல் குறைபாட்டாலோ பார்வைக் குறைபாட்டாலோ தனியாக வாக்களிக்க இயலாதவர் தமக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. துணை வேண்டும் என்று வாக்காளர்தாம் கேட்க வேண்டும். யார் துணை என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அழைக்கப்படுபவர் 18 வயது நிறைந்தவராகவும், வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இல்லாதவராகவும் இருப்பதைச் சாவடியின் தலைமை அலுவலர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். முகவராக அமர்ந்தால் எளிது என்று எழுதியிருக்கிறீர்கள். முகவராக அமர்ந்த கணமே உங்கள் தாயாருக்குத் துணை நிற்கும் தகுதியை இழக்கிறீர்கள் என்பதே உண்மை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஏற்பாடு வேறு: அவர் கேட்டால் தேர்தல் அலுவலரே உதவுவார், வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த இரண்டு முகவர்களும் ஒரு பார்வையாளரும் அங்கே இருந்தால், அவர்கள் முன்னிலையில் அது நடக்கும்.

உங்கள் தாயாருக்குத் துணையே தேவைப்படாமல் போகவும் கூடும். தேர்தல் ஆணையம் சாவடிகளில் துளையிட்ட ஓர் அட்டையை வைத்திருக்கிறது. வாக்குச்சீட்டை அதற்குள் செருகினால், ஒவ்வொரு கட்சிக்கும் உரிய கட்டத்துக்கு நேராக ஒரு திறப்பு இருக்கும். அதன் அருகில் பிரெய்ல் புள்ளிகளிலும் பெரிய எழுத்திலும் வரிசை எண் இருக்கும். பெயர்களை வரிசைப்படி அலுவலர் வாசித்துக் காட்ட, வாக்காளர் தமக்கு வேண்டிய எண்ணை விரலால் தேடித் தாமே குறியிட்டுவிடலாம். 2024இன் தேசியச் சீட்டில் 52 கட்சிகள் நீளமாக வரிசையில் நின்றன. கண் நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறினார்கள். மாநகராட்சித் தேர்தலில் டர்பன் வாக்காளருக்கு இரண்டே சீட்டுகள்: ஒன்று வார்டு உறுப்பினருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கேட்டால்தான் அந்த அட்டையை எடுத்துத் தருவார்கள் என்ற நிலை சில சாவடிகளில் இருக்கலாம். ஆகவே கேளுங்கள், கேட்கச் சொல்லுங்கள்.

இனி அந்தப் படிகள். சாட்ஸ்வொர்த் வீடுகளைக் குன்றுச் சரிவுகளில் அடுக்கியவர்கள் அங்கே குடியேறியவர்கள் முதுமை அடைவார்கள் என்று எண்ணிப் பார்க்கவேயில்லை. உங்கள் தாயார் இறங்கத் தேவையில்லை. தேர்தல் அலுவலர்கள் மேலே ஏறி வருவார்கள். உடல்நலிவு, குறைபாடு, கருவுற்றிருத்தல் ஆகியவற்றால் சாவடிக்குச் செல்ல இயலாதவர் வீட்டிலிருந்தே சிறப்பு வாக்களிக்கலாம். இதற்கெனத் தனி நாட்கள் உண்டு. 2021 நவம்பர் 1ஆம் தேதி நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அக்டோபர் 30, 31ஆம் தேதிகளிலும், 2024 மே 29ஆம் தேதித் தேர்தலுக்கு மே 27, 28ஆம் தேதிகளிலும் சிறப்பு வாக்குகள் பதிவாயின. ஆனால் ஆணையம் அறிவிக்கும் காலக்கெடுவுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அன்று காலையில் தொலைபேசியில் அழைத்தால் யாரும் வரமாட்டார்கள்.

வீட்டில் போடும் வாக்கை அலுவலர்கள் பார்த்துவிடுவார்களே என்ற அச்சம் முதியவர்கள் பலருக்கு உண்டு. குறியிட்ட சீட்டு முதலில் எதுவும் எழுதப்படாத உறைக்குள் போகும். அந்த உறை வாக்காளரின் விவரம் எழுதிய மற்றொரு உறைக்குள் போகும். பின்னர் வெளியுறையை வாக்காளர் பட்டியலுடன் சரிபார்த்துவிட்டு, பெயரற்ற உள்ளுறையைத் தனியே பிரித்துவிடுவார்கள். ஆகவே அலுவலர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அந்த நேரத்தில் அம்மாவின் நாற்காலியைச் சுற்றி மகன், மருமகள், பேரன் என்று எல்லோரும் நின்றுகொண்டு, 'ஆயா, அங்கே போடுங்கள்' என்று விரலை நீட்டுவதுதான் கவலை தருகிறது. நீங்கள் தேநீர் போட அடுப்படிக்குப் போய்விடலாம்.

அலுவலர்கள் வருவது, வாக்காளர் எந்த வாக்குப்பதிவு வட்டாரத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த வட்டாரத்துக்குள் இருக்கும் முகவரிக்கு மட்டுமே என்பதையும் மறந்துவிடாதீர்கள். மகன் வீட்டில் ஆறு மாதம், டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் மகள் வீட்டில் ஆறு மாதம் என்று வாழும் முதியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் பதிவு ஓரிடத்திலும் படுக்கை மற்றோரிடத்திலும் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு வீணாகும்; தேர்தல் தேதி அரசிதழில் வெளியானதும் பதிவும் மூடப்பட்டுவிடும்.

'தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாமா' என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். டர்பன் அடங்கிய நேட்டாலில் இந்தியர்கள் நாடாளுமன்ற வாக்காளராகப் புதிதாகப் பதியும் வழியை 1896இல் அடைத்தார்கள். நகராட்சி வாக்குரிமையை 1920களில் பறித்தார்கள். 1984 ஆகஸ்டில் வெள்ளையர் அரசு நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று ஒரு தனி அவையை நீட்டியபோது, பதிவுசெய்திருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் சாவடிப் பக்கமே போகவில்லை. உங்கள் தாயார் அப்போது நாற்பதை ஒட்டிய வயதினர்; போனாரா, போகாமல் இருந்தாரா, ஏன் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? எல்லோரும் சமமாக வாக்களித்த முதல் தேர்தல் வந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அந்தத் தேர்தலின் முதல் நாளாகிய 1994 ஏப்ரல் 26, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் மறுநாள்தான் வரிசையில் நின்றார்கள். அவருக்கு இம்முறை விருப்பமில்லை என்றால் அதை அவர் வாயால் சொல்லட்டும். அவருக்காக நீங்கள் களைத்துப்போக வேண்டாம்.

1999இல் சிறைவாசிகள் தொடுத்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: வாக்குரிமையைத் தடுக்காமல் இருப்பது மட்டும் போதாது, வாக்களிப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து தருவதும் கடமை. அந்தத் தீர்ப்பு அரசுக்குச் சொன்னது. ஆனால் விண்ணப்பத் தாளை நிரப்பாத வீட்டுக்கு அந்த ஏற்பாடு எப்படி வந்து சேரும்? நீங்கள் கட்சிக்காரர், உங்கள் தெருவில் படியிறங்க முடியாதவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்சிக்குப் போடுவார்கள் என்று கணக்குப் பார்க்காமல் அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க உங்களால் முடியுமா?

உங்கள் மகள் மாநகராட்சித் தேர்தலில் லண்டனிலிருந்து வாக்களிக்க இயலாது. உள்ளாட்சிக்கு வெளிநாட்டு வாக்குப்பதிவு கிடையாது. வேண்டுமானால் தேர்தல் நாளன்று இங்கே வந்து, தாம் பதிவுசெய்த சாவடியில்தான் வாக்களிக்க வேண்டும். தேசியத் தேர்தலில் அவருக்கு உரிமை உண்டு. விடுமுறை, படிப்பு, விளையாட்டு போன்ற காரணங்களுக்காகத் தற்காலிகமாகச் சென்றவர்களுக்கு மட்டும் என்றிருந்த வரம்பை, பிரிட்டனில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் தொடுத்த வழக்கில், அதே நீதிமன்றம் 2009 மார்ச்சில் நீக்கியது. அடுத்த தேசியத் தேர்தல் 2029இல் வரும். அதற்குள் அவர் வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளட்டும். கடவுச்சீட்டோடு அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். உரிய காலத்தில் ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் லண்டன் தூதரகத்தில் தேசியச் சீட்டு ஒன்றைப் பெறலாம். மாகாணச் சீட்டு அங்கே கிடைக்காது.