பூனையின் வாலடியில் திடீர்ப் புண் எப்படி வந்தது?

குமுளியில் நீங்கள் வளர்க்கும் ஆண் பூனைக்கு, நேற்றுவரை ஒன்றுமில்லாத வாலடியில் இன்று சீழ் வடிகிறது, அப்படித்தானே? அநேகமாக இன்னொரு பூனை கடித்திருக்கும். கோரைப்பல் ஊசி மாதிரி இறங்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, கிருமி உள்ளேயே தங்கிவிடும். சில நாளில் வீங்கி உடையும்போதுதான் நம் கண்ணில் படும். முகத்தில் காயம் என்றால் பெரும்பாலும் எதிர்த்து நின்றிருக்கும். வாலடி என்றால் ஓடும்போது வாங்கியது. (உங்கள் வீரர் இரண்டாவது ரகம்!) முடியை விலக்கி, அருகருகே இரண்டு துளை இருக்கிறதா பாருங்கள். ஏலத்தோட்டப் பக்கம் என்பதால் பாம்போ என்று பயம் வரும். ஆனால் விஷக்கடியில் வீக்கமோ தள்ளாட்டமோ பொதுவாகச் சில மணி நேரத்திலேயே தெரியும். எதற்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அப்புறம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம்.