பொஹீமியாவின் பழைய ஊர்களுக்குக் குழுவாக இசைச் சுற்றுலா செல்வது பயனுள்ளதா?

செக் நாட்டின் பொஹீமியப் பகுதியிலுள்ள பழைய ஊர்களையும் இசை அரங்குகளையும் ஒரு வாரத்தில் காட்டும் குழுச் சுற்றுலாவில் சேரலாமா, மேலை இசையில் பயிற்சி இல்லாதவருக்கு அதனால் பயன் உண்டா, சேர்வதானால் பயணத் திட்டத்தில் எவை இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் வசிக்கும் நான், இங்குள்ள ஒரு சேர்ந்திசைக் குழுவினரோடு இப்படிப்பட்ட பயணம் போனவன். பிறகு தனியாகவும் அந்த ஊர்களுக்குப் போய்வந்திருக்கிறேன். தாராளமாகச் சேருங்கள் என்பதே என் பதில். ஆனால் பெரும்பாலான நாட்களைப் பிராக் நகரிலேயே கழித்துவிட்டு, சிற்றூர்களுக்குப் போகிற போக்கில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கும் திட்டமாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். பொஹீமிய இசையின் வேர் அந்தச் சிற்றூர்களில்தான் இருக்கிறது.

இதை நான் விருப்பு வெறுப்பால் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பொஹீமியக் கிராமப் பள்ளியின் ஆசிரியரே தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடகர் குழுவை நடத்துபவராகவும் இருந்தார். ஞாயிறு வழிபாட்டில் பாடவும் வாசிக்கவும் ஆள் வேண்டும் என்பதால், எழுத்தும் கணக்கும் கற்பித்த அதே வகுப்பறையில் அவர் பிள்ளைகளுக்கு வயலினும் கற்பித்தார். அரண்மனைகளில் வேலைக்கு ஆள் எடுத்த பிரபுக்களும் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவரையே விரும்பினார்கள் என்பதால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இசை ஒரு பிழைப்பு வழியாகவும் ஆயிற்று. 1772இல் இவ்வழியே பயணம் செய்த சார்ல்ஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர், சாஸ்லாவ் என்ற சிற்றூரின் பள்ளியில் ஆறு வயது முதல் பத்துப் பதினோரு வயது வரையுள்ள ஆண் பெண் குழந்தைகள் படித்துக்கொண்டும், எழுதிக்கொண்டும், வயலின், ஓபோ, பசூன் முதலியவற்றை வாசித்துக்கொண்டும் இருந்ததைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அதே சாஸ்லாவில் 1760இல் பிறந்த துசீக், பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்ற பியானோக் கலைஞர். ரோஷ்மித்தால் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த யாக்கூப் யான் ரீபா 1796இல் செக் மொழியில் இயற்றிய கிறிஸ்துமஸ் வழிபாட்டு இசை, இன்றும் ஆண்டுதோறும் அந்நாட்டுத் தேவாலயங்களில் பாடப்படுகிறது. இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு போனால், வழியில் தென்படும் ஒவ்வொரு சிறு தேவாலயத்தின் ஆர்கன் மாடமும் உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடமாகவே தெரியும்.

திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய முதல் ஊர் லித்தோமிஷ்ல். செக் இசையின் தந்தை எனப் போற்றப்படும் பெட்ரிக் ஸ்மெதனா 1824 மார்ச் 2ஆம் நாள், அவ்வூர் அரண்மனையைச் சேர்ந்த பீர் ஆலையில் பிறந்தார். தந்தை அந்த ஆலையை நடத்தியவர். 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அரண்மனை 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதன் வெளிச்சுவர் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சைக் கீறி வரைந்த ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களால் நிறைந்திருக்கிறது. தொலைவிலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கட்டத்தில் உள்ள உருவம் மற்றொன்றில் இல்லை. 1949இல் தொடங்கிய ஸ்மெதனா விழா ஜூன் மாதத்தில் இந்த அரண்மனையின் முற்றத்தில் நடைபெறுகிறது. மூன்றடுக்குத் தாழ்வாரங்கள் சூழ்ந்த அந்த முற்றத்தில் ஓபரா என்னும் இசை நாடகத்தைக் கேட்க ஒரு மாலை வாய்த்தால், பிராக்கில் இரண்டு கச்சேரிகளை விட்டுக்கொடுத்தாவது அதைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள போலிச்காவைப் பல சுற்றுலா நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. எனக்கு அந்த விடுபடல் பெருங்குறையாகவே படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் முக்கிய இசையமைப்பாளர்களில் ஒருவரான பொஹுஸ்லாவ் மார்ட்டினூ 1890 டிசம்பர் 8ஆம் நாள் அவ்வூர்த் தேவாலயத்தின் கோபுரத்துக்குள்ளேயே பிறந்தார். 1845இல் ஏற்பட்ட தீ விபத்தில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனதால், கோபுரத்தில் காவலாள் ஒருவர் குடும்பத்தோடு தங்கி, எங்காவது புகை தெரிகிறதா என்று கண்காணிக்க வேண்டியிருந்தது. மார்ட்டினூவின் தந்தை அந்தக் காவலாள். ஓய்ந்த நேரத்தில் செருப்புத் தைப்பார். 190க்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போனால், ஒரே ஒரு தாழ்ந்த அறை. அதில்தான் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தால் கோபுரத்தைச் சுற்றியோடும் குறுகலான நடைமேடை, கீழே ஓட்டுக் கூரைகள், அப்பால் வயல்கள், அதற்கும் அப்பால் வானம்.

நோஞ்சான் குழந்தையாக இருந்த மார்ட்டினூவைத் தந்தை முதுகில் சுமந்தபடியே இந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். பதினோரு வயதுவரை அவர் உலகத்தைப் பெரும்பாலும் மேலிருந்தே பார்த்தார். அங்கு கண்ட அந்த வெட்டவெளியைத்தான் தம் இசையில் எப்போதும் தேடுவதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். 1906இல் அவரைப் பிராக் இசைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் திரட்டியவர்கள் ஊர்க்காரர்கள். 1959இல் சுவிட்சர்லாந்தில் இறந்த அவருடைய உடல், 1979இல் போலிச்காவுக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. எங்கள் குழுவில் மார்ட்டினூவின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் பலர் இருந்தார்கள். அந்த நடைமேடையில் நின்ற பிறகு, அன்று மாலை பேருந்தில் அவருடைய இசையைப் போட்டபோது ஒருவரும் பேசவில்லை. பயிற்சி இல்லாதவருக்குப் பயன் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள நேரடியான பதில் இதுதான். உடன் வருபவருக்கு முழங்கால் வலி இருந்தால் மட்டும் இந்தப் படிகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புகழ்பெற்ற செக் இசையமைப்பாளர் துவொர்ஷாக் பிறந்த நெலஹோசெவெஸ் பிராக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தொலைவு. 1841 செப்டம்பர் 8ஆம் நாள், இறைச்சிக் கடையும் சத்திரமும் நடத்திய ஒருவரின் மகனாக அவர் அங்கே பிறந்தார். எதிரே லோப்கோவித்ஸ் பிரபுக்களின் அரண்மனை, அருகே வல்தாவா ஆறு, ஒட்டியே டிரெஸ்டன் செல்லும் ரயில் பாதை. வாழ்நாள் முழுவதும் ரயில் எஞ்சின்கள்மீது தீராத மோகம் கொண்டிருந்த அவரைப் புரிந்துகொள்ள அந்த வாசலில் சிறிது நேரம் நின்றால் போதும். ஊரைப் பார்க்க அரைநாள் தாராளம்.

செஸ்கி க்ரும்லோவ் எல்லாத் திட்டங்களிலும் இருக்கும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் ஆற்று வளைவையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. உங்கள் குழு அரண்மனை நாடக அரங்குக்குள் போகிறதா என்று கேளுங்கள். 1766இல் இன்றைய வடிவத்தைப் பெற்ற அந்த அரங்கில், மேடை மட்டுமல்லாமல், வரைந்த காட்சித் திரைகளும், உடைகளும், மரத்தால் செய்த மேடைப் பொறிகளும் அக்காலத்தவையே எஞ்சியிருக்கின்றன. ஐரோப்பாவில் இப்படி முழுமையாகத் தப்பிப் பிழைத்த அரங்குகள் மிகச் சில. மேடைக்குக் கீழே உள்ள பெரிய மர உருளையை ஆட்கள் சேர்ந்து சுழற்றினால், கயிறுகள் இழுபட்டு, இருபுறமும் உள்ள தட்டிகள் பள்ளங்களில் ஒரே சமயத்தில் நகர்ந்து, சிறைச்சாலை தோட்டமாக மாறும். இடிக்கும் மழைக்கும் காற்றுக்கும் தனித்தனிப் பொறிகள் உண்டு. ஓபரா என்றால் பருமனான ஒருவர் நின்றபடி உரக்கப் பாடுவது என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு, அது கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து அமைத்த கலை என்பது இங்கே விளங்கிவிடும். மரமும் துணியும் பழுதாகாமல் இருக்க வேண்டும் என்பதால் சிறு சிறு குழுக்களாகவே உள்ளே விடுவார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தனியாகப் போகிறவர் இடம் கிடைக்காமல் திரும்புவதுண்டு. முன்பதிவு செய்துவரும் குழுவில் இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

குட்னா ஹோரா அழகான ஊர்தான், வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர்தான். இசைக்காகப் போகிறவர் அங்கே நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. அந்த நேரத்தைத் தாபோருக்குக் கொடுக்கலாம். மத குருமார்களின் செல்வத்தையும் அதிகாரத்தையும் எதிர்த்த ஹுஸ் என்பவரைத் தீயிலிட்டுக் கொன்ற பிறகு, அவரைப் பின்பற்றியவர்கள் 1420இல் நிறுவிய ஊர் அது. அவர்கள் போருக்குப் போகும்போது பாடிய ‘கடவுளின் போர்வீரர்களே’ என்ற பாடலின் மெட்டைத்தான் ஸ்மெதனா ‘என் தாயகம்’ என்ற தம் இசைத் தொகுப்பின் கடைசி இரு பகுதிகளிலும் கையாண்டார். துவொர்ஷாக் 1883இல் தாம் எழுதிய ‘ஹுஸ்ஸைட் முன்னிசை’யில் அதை எடுத்தாண்டார். சோவியத் படைகள் பிராக்குக்குள் நுழைந்த 1968இல், அமெரிக்காவிலிருந்த கரேல் ஹூசா என்ற செக் இசையமைப்பாளர் தம் துயரத்தைச் சொல்லவும் அதையே எடுத்தார். ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்துவந்த ஒரு மெட்டு அது. தாபோரின் சதுக்கத்தில் நிற்கும்போது வழிகாட்டி அதை ஒருமுறை பாடிக் காட்டினாலே போதும். அதற்குப் பின் எந்தக் கச்சேரியில் அது வந்தாலும் உங்கள் காது அடையாளம் கண்டுகொள்ளும்.

பிராக்கில் நான் கேட்பது இரண்டு மாலைகள் மட்டும். மொசார்ட் 1787 அக்டோபர் 29ஆம் நாள் தாமே நின்று நடத்தித் தம் ‘டான் ஜொவானி’யை முதன்முதலாக அரங்கேற்றிய எஸ்டேட்ஸ் அரங்கு இன்றும் இயங்குகிறது, அதில் மொசார்ட்டைக் கேட்க ஒரு மாலை. மற்றொன்று தேசிய அரங்கில். நாடெங்கும் மக்கள் கொடுத்த பணத்தில் எழுப்பி, 1881இல் ஸ்மெதனாவின் ‘லிபுஷே’ ஓபராவோடு திறந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தீக்கிரையாகி, மக்கள் மறுபடியும் பணம் திரட்டியதால் 1883இல் அதே ‘லிபுஷே’யோடு மீண்டும் திறக்கப்பட்ட கட்டடம் அது. தெருவில் பழங்கால உடையணிந்து நின்று டிக்கெட் விற்பவர்களின் ஒரு மணி நேரக் கச்சேரி, உங்கள் திட்டத்தில் ‘பிராக்கில் இசை மாலை’ என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரபலமான துண்டுகளைக் கோத்துத் தரும் அந்த நிகழ்ச்சிகளுக்காக யாரும் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை.

தெரெசீன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இசைச் சுற்றுலா என்ற பெயரில் அதைத் தவிர்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த அந்தக் கோட்டை நகரில் விக்டர் உல்மன், ஹன்ஸ் க்ராசா, பாவெல் ஹாஸ், கிடியன் க்ளைன் ஆகிய இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். க்ராசாவின் ‘ப்ருண்டிபார்’ என்ற குழந்தைகள் ஓபரா 1943 செப்டம்பரிலிருந்து அங்கே 55 முறை நடத்தப்பட்டது. பாடிய குழந்தைகள் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட அனுப்பப்பட, அவர்களுடைய இடத்தில் புதிய குழந்தைகளைப் பழக்கவேண்டியிருந்தது. உல்மனும் க்ராசாவும் ஹாஸும் 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அங்குள்ள மாக்தபுர்க் பாசறைக் கட்டடத்தில் இந்த இசைக்கும் நாடகத்துக்கும் தனிக் கண்காட்சி இருக்கிறது. குழுவை அங்கே கட்டாயம் அழைத்துப்போக வேண்டும். அன்று மாலை விருந்தோ கச்சேரியோ வைக்காத அமைப்பாளரை நான் மதிக்கிறேன்.

எந்த மாதம் என்றால், மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதிவரை. ஸ்மெதனா இறந்த நாளான மே 12இல் தொடங்கும் பிராக் வசந்த விழாவின் முதல் நாளில் ‘என் தாயகம்’ முழுவதையும் இசைப்பது மரபு. கம்யூனிஸ்ட் ஆட்சியைவிட்டு 1948இல் வெளியேறிய இசைக்குழு நடத்துநர் ரஃபயேல் குபெலிக், அந்த ஆட்சி விழுந்தபின் 1990இல் திரும்பிவந்து அதை நடத்தியபோது அரங்கம் அழுதது. ஜூலை, ஆகஸ்டில் தேசிய அரங்கு விடுமுறையில் இருக்கும். அந்த மாதங்களில் வைக்கும் இசைச் சுற்றுலாவில் நீங்கள் கட்டடத்தை மட்டுமே பார்ப்பீர்கள்.

புறப்படுமுன் ஒரே ஒரு தயாரிப்புப் போதும். ‘என் தாயகம்’ தொகுப்பின் இரண்டாம் பகுதியான ‘வல்தாவா’வைச் சில முறை கேளுங்கள், பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்கள்தான். 1874இல், காது முற்றிலும் கேளாமற்போன சில வாரங்களுக்குள் ஸ்மெதனா அதை எழுதினார். இரண்டு ஊற்றுகளாகப் புல்லாங்குழல்களிலும் கிளாரினெட்டுகளிலும் தொடங்கும் ஆறு, காட்டு வேட்டையையும் கிராமக் கல்யாணத்தையும் நிலவொளியையும் கடந்து, புனித ஜான் சுழல்களில் கொந்தளித்து, பிராக்கின் விஷெஹ்ராத் குன்றின் அடியில் அகலமாக ஓடி மறையும். அந்தச் சுழல்கள் பிற்காலத்தில் ஸ்டெகோவித்சே அணையின் நீரில் மூழ்கிவிட்டன. உங்கள் பேருந்து க்ரும்லோவிலிருந்து பிராக்குக்கு வரும் வழி ஏறத்தாழ அந்த ஆற்றின் வழிதான். விஷெஹ்ராத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஸ்மெதனாவும் துவொர்ஷாக்கும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அமைப்பாளருக்கு எழுதும்போது இவற்றைக் கேளுங்கள்: லித்தோமிஷ்லில் மாலைக் கச்சேரி உண்டா, பகல் பார்வை மட்டுமா, போலிச்காக் கோபுரத்துக்கும் க்ரும்லோவ் அரங்குக்கும் முன்பதிவு ஆகிவிட்டதா, கூட வரும் வழிகாட்டி இசை தெரிந்தவரா. லித்தோமிஷ்லுக்கும் போலிச்காவுக்கும் முதன்மை ரயில் பாதையிலிருந்து கிளைப் பாதைக்கு மாறித்தான் போக வேண்டும் என்பதால், ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் தனியாகச் சேர்ப்பது சிரமம். சொந்தப் பேருந்தோடு போகும் குழுவுக்குக் கொடுக்கும் பணம் அதற்கே சரியாகிவிடும்.