கூடங்குளமா, கடற்கரை மணலா? ஐசோடோப்பு விகிதம் குறித்த கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்; பெயரை அடுத்து வரும் எண் அந்த எடை) விகிதங்களை அளந்துவிட்டு இப்போது களியக்காவிளையில் ஓய்வில் இருப்பவன் நான். தமிழக-கேரள எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, என் துறைக்குள் அடங்கிய மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

பாறசாலை, பள்ளி ஆசிரியை: கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டுகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை எப்படிச் சொல்கிறீர்கள்?

அளவைப் பார்த்துச் சொல்வதில்லை, விகிதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். மழை கரைத்தாலும் காற்று கொண்டுபோனாலும் ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் சேர்ந்தே பயணிப்பதால், அளவு ஆயிரம் மடங்கு நீர்த்துப்போனாலும் விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். புளூட்டோனியம் 240க்கும் 239க்கும் உள்ள அணு விகிதம் (அணுக்களின் எண்ணிக்கை விகிதம்), வானில் நடந்த குண்டுச் சோதனைகளால் உலகெங்கும் படிந்த தூசியில் ஏறத்தாழ 0.18, ஆயுதத் தரப் புளூட்டோனியத்தில் 0.07க்கும் கீழே, செர்னோபில் அணு உலை விபத்தின் படிவில் 0.4 அளவில். எரிபொருள் அணு உலையில் எவ்வளவு அதிக நாள் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு 239 நியூட்ரானை விழுங்கி 240 ஆகிறது. இவ்விரண்டும் சிதையும்போது வீசும் ஆல்ஃபா துகள்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலுடையவை என்பதால் ஆல்ஃபா எண்ணியால் பிரித்தறிய முடியாது, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமாலைமானிதான் வேண்டும்.

குளச்சல், மீனவர் குடும்பத்து இளைஞர்: எங்கள் முற்றத்து மண்ணில் தாலியம் 208, ஆக்டினியம் 228, ஈயம் 212 இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. கூடங்குளத்துக் கசிவா?

இல்லை. மூன்றும் தோரியம் 232 சிதைவதால் உருவாகும் வாரிசுகள். மணவாளக்குறிச்சியிலும், வடக்கே சவறை, நீண்டகரையிலும் கரையொதுங்கும் கருமணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதன் எடையில் 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு. ஒரு கைப்பிடி மணலை வெள்ளைத் தாளில் பரப்பி, வலுவான காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். கரிய இல்மனைட் தாது எழுந்து ஒட்டிக்கொள்ளும். பின்தங்கும் மணிகளுக்குள் தேன் நிறத்தில் சில மினுங்கும். உங்கள் அறிக்கையின் கதை பெரும்பாலும் அந்தத் தேன் நிற மோனசைட் மணிகளில் இருக்கிறது.

உலையிலிருந்து கசிந்திருந்தால் சீசியம் 137உடன் சீசியம் 134உம் வந்திருக்கும். நிலையான சீசியம் 133 நீண்ட காலம் நியூட்ரான்களுக்கிடையே கிடந்தால்தான் 134 உருவாகும். கண நேரத்தில் வெடித்து முடியும் குண்டில் அதற்கு அவகாசமே இல்லை. உங்கள் அறிக்கையில் சீசியம் 134 இருந்திருந்தால் நானே அடுத்த பேருந்தில் குளச்சலுக்கு வந்திருப்பேன்.

மூணாறு, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள்: மலை மண்ணில் சீசியம் 137 இருப்பதாகப் படித்தேன். ஜப்பான் விபத்தில் வந்ததா?

வானில் அணுகுண்டு வெடிப்பதைத் தடுக்கும் பகுதித் தடை ஒப்பந்தம் 1963இல் வருவதற்கு முன் நடந்த சோதனைகளின் எச்சமாகவே முதலில் கொள்ள வேண்டும். மழை அதிகம் பெய்த இடத்தில் அது அதிகம் படிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கா குறை?

ஃபுகுஷிமாவா என்று உறுதிசெய்ய 134ஐத் தேட வேண்டும். 2011 மார்ச்சில் அங்கு வெளியான சீசியம் 134, 137 ஆகியவற்றின் கதிரியக்க விகிதம் (நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதன் விகிதம்) ஏறத்தாழ 1. செர்னோபிலில் அது 0.5 அளவில். ஆனால் 134இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 2 ஆண்டுகள், 137க்கோ சுமார் 30 ஆண்டுகள். 2013 மார்ச்சில் அளந்திருந்தால் ஃபுகுஷிமாவின் 1 கரைந்து 0.53 ஆகி, புதிதாக வெளியான செர்னோபில் சீசியம் போலத் தோன்றியிருக்கும். ஆகையால் எந்தத் தேதிக்குத் திருத்திய விகிதம், அணு விகிதமா கதிரியக்க விகிதமா என்ற இரண்டும் எழுதப்படாத எந்த விகிதத்தையும் நம்பாதீர்கள். இதைப் பணியில் இருந்தபோதும் தினம் ஒருமுறையாவது சொல்வேன்.

இரணியல்: கைப்பேசிச் செயலி வீட்டில் கதிரியக்கம் உள்ளதாகக் காட்டுகிறது. கூடங்குளமா?

செயலியால் ஐசோடோப்பைப் பிரித்தறிய முடியாது. குளச்சல்காரருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, விவசாயி: கிணற்று நீரில் யுரேனியம் 234க்கும் 238க்கும் விகிதம் 1.6 என்கிறார்கள். இயற்கையில் 1 தானே இருக்க வேண்டும்? யாராவது கொட்டினார்களா?

நல்ல கேள்வி. பழைய பாறைக்குள் கதிரியக்க விகிதம் 1 தான். ஆனால் 238 சிதைந்து ஆல்ஃபாவை வீசும்போது துப்பாக்கி பின்னுதைப்பது போல எஞ்சிய கரு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதன் வழியில் படிகம் உடைந்து கிடக்கிறது. அந்த உடைசலில் பின்பு உருவாகும் 234ஐ நீர் எளிதாகக் கழுவிக்கொண்டு போகிறது. நிலத்தடி நீரில் 1.6 என்பது இயல்பே. சந்தேகம் தீர 235க்கும் 238க்கும் உள்ள அணு விகிதத்தைக் கேளுங்கள்: இயற்கையானால் 0.00725, வறிதாக்கப்பட்ட (235இன் பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்ட) யுரேனியமானால் சுமார் 0.002. 236உம் புலப்பட்டால் உலையில் கிடந்த யுரேனியம் கலந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம். குடிக்கலாமா என்பதற்கு விகிதம் பதிலாகாது; அதற்கு மொத்த அளவு வேண்டும்.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: கடலே கொண்டுவந்த மணலுக்கும் லாரியில் வந்து இறங்கிய மணலுக்கும் தோரியம் ஒன்றுதானே? உங்கள் விகிதம் குற்றவாளியைத் தப்பவிடுகிறது.

ஒப்புக்கொள்கிறேன். விகிதம் பொருளை அடையாளம் காட்டும். கொண்டுவந்த கையைக் காட்டாது. வெறுமனே இடம் மாறிய மணலை ஐசோடோப்பால் பிடிக்க இயலாது.

இரணியல் (மீண்டும்): அப்படியானால் கூடங்குளம் இல்லை என்றும் சொல்ல முடியாதல்லவா?

முடியும். மணலுக்குச் சொன்னதைச் சீசியத்தோடு குழப்பாதீர்கள்; உலைக் கசிவானால் சீசியம் 134 காட்டிக்கொடுக்கும்.

பாறசாலை, வேறொருவர்: இம்மணலால் புற்றுநோய் வருமா?

என் துறையன்று. கேரளக் கருமணல் கரையிலுள்ள கருநாகப்பள்ளி மக்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. மேற்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

மார்த்தாண்டம் ஆசிரியர் (மீண்டும்): ஆலையில் தோரியத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவானால்?

அங்கேதான் உங்கள் வாதம் தோற்கிறது, ஐயா. தொடாத மோனசைட்டில் தோரியம் 232, ரேடியம் 228, தோரியம் 228 மூன்றும் சம கதிரியக்கத்தில் இருக்கும். வேதிமுறையில் பிரித்தால் தோரியத்தின் இரு ஐசோடோப்புகளும் ஒரு பக்கம் போகும், ரேடியம் இன்னொரு பக்கம் தங்கும், சமநிலை குலையும். தாயான தோரியம் 232 இல்லாமல் ரேடியம் 228 மட்டும் நிறைந்த கசடு கிடைத்தால் அதைக் கடல் கொண்டுவந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ரேடியம் 228இன் அரை ஆயுள் 5.75 ஆண்டுகள் மட்டுமே. முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்தால் இந்தச் சான்று பெரும்பாலும் அழிந்துவிடும். சந்தேகம் உண்மையானால் மேல்மண்ணிலும் ஓரடி ஆழத்திலும் தனித்தனியே மாதிரி எடுத்து, பையின் மேல் தேதியை எழுதி வையுங்கள்.