பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவன் நான். திருநாளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பூசை நேரத்தை மட்டும் உங்கள் பங்குக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இது என்ன திருநாள்? எதற்கு மெழுகுதிரி?

குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கியதை நினைக்கும் நாள் இது. லூக்கா 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். ஆண் குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் கழிந்ததும் பலி செலுத்த வேண்டும் என்பது மோசே சட்டம் (லேவியர் 12). ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு இரண்டு புறா போதும். மாதாவும் சூசையப்பரும் அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் கொடுத்தார்கள். லயத்து வீட்டில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எருசலேம் ஆலயத்தில் சிமியோன் என்ற பெரியவர் குழந்தையைக் கையில் வாங்கி, பிற இனத்தாருக்கும் இவரே ஒளி என்றார். அதை நினைத்துத்தான் திரி ஏந்துகிறோம்.

கோயிலுக்கு வெளியே கூடுவோம். சாமியார் திரிகளை மந்திரித்ததும் (ஆசீர்வதித்ததும்) கொளுத்திப் பவனியாக உள்ளே போவோம். அட்டையில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகிக் கொடுத்தாலும், காற்றடித்தால் சூட்டு மெழுகு விரலிடுக்கில் இறங்கிவிடும். பிள்ளைகள் அப்போதும் திரியை விட மாட்டார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பால்மரம் (ரப்பர் மரம்) இலை கொட்டும் காலம் இது, சருகு காய்ந்து கிடக்கும். எரிகிற திரியோடு தோட்டத்துப் பாதையில் நடக்காதீர்கள்.

கேள்வி: தைப்பூசமும் இதே சமயம் வருகிறதே, தொடர்பு உண்டா?

இல்லை. தைப்பூசம் பூச நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் பார்த்து வருவது. 2026இல் பிப்ரவரி 1 அன்று வந்தது. மற்றதை முருகன் கோயில் குருக்களிடம் கேளுங்கள், அவர்தான் சரியாகச் சொல்வார்.

கேள்வி: ரோமர்களின் லூப்பர்காலியாவைத்தான் சபை இப்படி மாற்றிவிட்டது என்று காணொளியில் பார்த்தேன், அண்ணே.

எத்தனை முறை வந்தாலும் இதற்குப் பதில் சொல்வேன், தம்பி. லூப்பர்காலியா பிப்ரவரி 15. ஆடும் நாயும் பலியிட்டு, ஆட்டுத்தோல் வாரால் எதிர்ப்படுகிறவர்களை அடித்துக்கொண்டு ஆண்கள் ஓடிய விழா. நம் திருநாள் ரோமில் பிறக்கவே இல்லை. எகேரியா என்ற பெண் 380களில் எருசலேமுக்கு யாத்திரை போய், அங்கே இதைப் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) இணையான மகிழ்ச்சியோடு கொண்டாடியதை எழுதி வைத்திருக்கிறார். ரோமில் திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ் இந்த நாளுக்குப் பவனி ஏற்படுத்தியது 7ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

அதே தம்பி: எகேரியா சொன்னது பிப்ரவரி 14 தானே? மறுநாளே லூப்பர்காலியா!

விரல் விட்டு எண்ணுங்கள். அன்று எருசலேமில் ஆண்டவரின் பிறப்பை ஜனவரி 6 அன்று கொண்டாடினார்கள். அதை முதல் நாளாக வைத்தால் நாற்பதாவது நாள் பிப்ரவரி 14. பிறப்பு டிசம்பர் 25க்கு வந்தபின் நாற்பதாவது நாள் பிப்ரவரி 2. 542இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஜஸ்டினியன் பேரரசர் இந்தத் தேதியை உறுதிப்படுத்தினார். ரோமர் விழாவை மனதில் வைத்திருந்தால் 15ஐ விட்டு ஏன் விலகிப் போக வேண்டும்?

இன்னொருவர்: புனித பீட் அவர்களே ரோமர் வழக்கம் என்று எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் ரோமர் செய்த சுத்திகரிப்புச் சடங்கைச் சபை மாற்றியது என்பது அவர் கருத்து. ஆனால் அவர் 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்தவர், எகேரியாவுக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் பிந்தியவர். திரியும்கூட எருசலேம் பக்கத்து வழக்கம்தான். 5ஆம் நூற்றாண்டில் இக்கேலியா என்ற சீமாட்டி அங்கே திரியேற்றி இந்த நாளைக் கொண்டாடிய செய்தி இருக்கிறது. எகேரியா நேரில் பார்த்துச் சொன்னதை விட்டுவிட்டுப் பிற்காலத்து ஊகத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

கேள்வி: அயர்லாந்தின் பழைய வசந்த விழாவான இம்போல்க்கிலிருந்து வந்ததா?

பிப்ரவரி 1. அது வேறு திருநாள், நாள் கணக்கும் வேறு.

கேள்வி: மற்ற நாடுகளில் என்ன செய்வார்கள்?

பிரான்சில் மெல்லிசாகத் தோசைபோல வார்த்துச் சாப்பிடுவார்கள். மெக்சிகோவில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்குள் குழந்தை பொம்மை யாருக்குக் கிடைத்ததோ, அவர் பிப்ரவரி 2 அன்று மற்றவர்களுக்குத் தமாலே (சோள மாவில் அவிக்கும் பலகாரம்) செய்து போட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

கேள்வி: திரியைத் தொண்டையில் வைத்து ஆசீர்வதிப்பது இதே நாளா?

மறுநாள், பிப்ரவரி 3, புனித பிளேசியார் திருநாள். இரண்டு திரிகளைக் குறுக்காகப் பிடித்து வைப்பார்கள்.

கேள்வி: மந்திரித்த திரியைக் கடையில் வைத்தால் வியாபாரம் பெருகுமா?

பெருகாது. அது தாயத்து இல்லை. வீட்டில் நோயாளி இருக்கும்போதும், இடி மின்னலின்போதும் கொளுத்தி ஜெபிப்பது பழைய வழக்கம், அப்படிச் செய்யுங்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் வேண்டாம். பலகை வீடு எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும்.

கேள்வி: லூப்பர்காலியா...

மேலே படியுங்கள்.

கேள்வி: மிஞ்சிய திரியை என்ன செய்வது?

ஜெபத்தில் முழுதும் எரித்துவிடுங்கள், இல்லையென்றால் மண்ணில் புதையுங்கள். குப்பையில் போடாதீர்கள். சருகில் வீசவே வீசாதீர்கள்.